அமீனா வீட்டு ஆமைகள்

ஐப்பசி 14, வியாழன்

காலையிலிருந்து தூறல். சைக்கிள் பின் சக்கரத்தில் காற்று இல்லை. குளத்தூர்ப் பக்கம் கொடுக்க வேண்டிய சம்மன்கள் நாளைக்கு. குடைக் கம்பி ஒன்று உடைந்தது. மூக்குப்பொடி தீர்ந்தது.

பிரதிவாதியின் மேல் நாற்றம். தெய்வானைதான் முதலில் சொன்னாள். ஈரத் துணியை மூட்டையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். தூக்கிப் பார்த்தேன். முதுகு ஓட்டில் இரண்டு கட்டம் வெளுத்துப்போய், விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கழுத்துத் தோல் பழைய சுண்ணாம்பு போல் உரிகிறது. வாதிக்கு அடி ஓட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்.

இதுகள் வந்த கதையை இதுவரை இங்கே எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். புரட்டாசியில் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு வேலித் தகராறு வழக்கில் சம்மன் கொடுக்கப் போனேன். வழக்கமாக நான் எழுதித் தருவது ஒரே வாசகம்: 'ஆள் வீட்டில் இல்லை, கதவில் ஒட்டினேன்.' அன்றைக்கு ஆள் இருந்தான். சிரித்தான், கையெழுத்துப் போட்டான், மோர் கொடுத்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், கோர்ட்டுக் காகிதங்களுக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் இரண்டு ஆமைக் குஞ்சுகள். முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரக் கோலம். ஒன்று நோட்டீசின் மேல் மூத்திரம் பெய்திருந்தது.

அவன் எண்ணம் விளங்கிவிட்டது. ஒரு வீட்டுக்குள் புகக்கூடாதவை இரண்டு என்று ஊரில் ஒரு வசனம் உண்டு. ஒன்று இந்த ஜந்து. இன்னொன்று என் உத்தியோகம். அந்த வசனத்தை இங்கே எழுத மாட்டேன். ஊர் சொல்வது போதும்.

தெய்வானை தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். மடியில் போட்டுக்கொண்டாள். பெரியவுக, சின்னவுக என்கிறாள். நான் வைத்த பெயர் வாதி, பிரதிவாதி. இனி வா., பி.வா. அவளைக் கண்டால் கழுத்தை நீட்டுகின்றன. என்னைக் கண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஊரே அப்படித்தான், இதுகளை மட்டும் குறை சொல்வானேன்.

ஐப்பசி 15, வெள்ளி

மழை. குளத்தூர் போய் வந்தேன். கொண்டுபோனது அத்தனையும் கதவில் ஒட்டியாயிற்று. ஒரு வீட்டில் அடுப்பில் பால் பொங்குகிறது, ஆள் மட்டும் இல்லையாம். நானே பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

தெய்வானை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பி.வா. முதுகில் பூசியிருந்தாள். சரி. அதற்கு மேல் நல்லெண்ணெய். ஏன் என்றால், இன்றைக்கு வெள்ளிக்கிழமையாம்.

விஷயம் இதுதான். பெண்களுக்கு எண்ணெய் ஸ்நானம் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. இதுகள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. எந்த நாளையும் விட்டுவிடக்கூடாதே என்று புரட்டாசியிலிருந்து நான்கு நாளும் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுபடி தொட்டியில் விடுகிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய கல்தொட்டி. ஆமை என்றால் தண்ணீர்தானே என்று எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வைத்திருந்தேன். அது என் யோசனை.

தீபாவளி அன்று விடியலில் இதுகளுக்குத்தான் முதல் எண்ணெய். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது எனக்கு.

ஐப்பசி 17, ஞாயிறு

மழை விடவில்லை. பி.வா. நேற்றும் இன்றும் வாயைத் திறக்கவில்லை. முருங்கைக்கீரை, அருகம்புல், செம்பருத்திப் பூ எல்லாம் வைத்து எடுத்தாயிற்று. வா. தன் பங்கையும் அதன் பங்கையும் சேர்த்துத் தின்கிறது.

நேற்றுக் கோர்ட்டு வராந்தாவில் கிடைத்த வைத்தியங்கள்:

புகையிலைத் தண்ணீர். (குமாஸ்தா)

கொட்டாங்கச்சி எண்ணெய். படர்தாமரைக்கு ராஜ மருந்தாம். (டைப்பிஸ்டு)

மண்ணெண்ணெய். (வக்கீல் ஒருவர். எந்தக் கட்சிக்கு ஆஜராகிறார் என்று தெரியவில்லை.)

திருநீறு. (சாயபு. அவர் எதற்குத் திருநீறு சொன்னார் என்று கேட்டேன். உங்கள் ஆட்களுக்கு அதுதான் கேட்கும் என்றார்.)

தெய்வானை மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை என்றாள். வற்றல்குழம்பு வைத்த நாளில் அவளுக்குப் பசியில்லாமல் போனது கல்யாணமானதிலிருந்து இல்லை.

ஐப்பசி 18, திங்கள்

காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போகிற வழியில் என்பதால் காக்கிக் கோட்டு, தோல் பை எல்லாம் அப்படியே. அதுதான் தப்பு. வாசலில் நான் சைக்கிளை நிறுத்துமுன் உள்ளே ஒரு நாற்காலி உருளும் சத்தம்.

கம்பவுண்டர் வெளியே வந்து, டாக்டர் கறம்பக்குடிக்குக் கேம்ப் போயிருக்கிறார் என்றார். மேஜையில் காப்பி ஆவி பறந்தது. பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக் கோட்டு, மழையில் எருமைகளுக்கு நடுவே குனிந்து ஓடியது. நானும் பார்த்தேன், கம்பவுண்டரும் பார்த்தார். இருவரும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டோம்.

மருந்துக் கடையிலும் அதே கதை. என்னைக் கண்டதும் பலகையை எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார். "சாப்பாட்டு நேரமுங்க," என்றார். மணி பத்தரை.

ஐப்பசி 19, செவ்வாய்

செவ்வாய் என்பதால் எண்ணெய்க் கிண்ணம் வெளியே வந்தது. வேண்டாம் என்றேன். பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்றாள். ஆணாக இருந்தால் என்ன செய்வது என்றேன். அப்படியென்றால் நாளைக்கும் தேய்க்கிறேன் என்றாள். வாதம் இதோடு முடிந்தது. எண்ணெய் தேய்த்தாயிற்று.

இந்தக் கலாட்டாவில் வீட்டுக்காரர் ராமையா வந்துவிட்டார். முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் நாங்கள். இந்த ஊரில் எனக்கு வீடு கொடுத்த ஒரே மனிதர். அமீனா குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு அமீனா வரமாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. ஆமைகளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பார்த்தார். "ஒரே வீட்டுல ஆமையும்..." என்று தொடங்கியவர், நான் நிற்பதைக் கண்டு இருமினார். வெகு நேரம் இருமினார். தெய்வானை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வரும் ஞாயிறு அவர் மகளைப் பெண் பார்க்கக் கறம்பக்குடியிலிருந்து வருகிறார்களாம். அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். "ஒண்ணு அதுக போகணும், இல்ல நீங்க போகணும். ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் எப்புடிப் பொண்ணைக் கட்டிக்குடுக்கிறது, அமீனா சார்?"

தெய்வானை காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். பிறகு நிதானமாக, "அவுகளை வேணா திருச்சிக்கு மாத்தல் கேக்கச் சொல்றேன், அண்ணே," என்றாள்.

ஐப்பசி 20, புதன்

கோர்ட்டுக்கு அரை நாள் லீவு சொன்னேன். காக்கிக் கோட்டை ஆணியில் விட்டுவிட்டு, வேட்டி துண்டுடன், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி போனேன். ஓலைப்பெட்டியில் இரண்டு பேரும். எனக்கு முன்னால் ஒரு காளை, பின்னால் ஒரு ஆடு. ஆடு குடைத்துணியைத் தின்னப் பார்த்தது.

என் முறை வந்தது. குடையை மடக்கினேன். டாக்டர் சின்ன வயசு. அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளுத்தது. ஜன்னலைப் பார்த்தார், காளை அடைத்துக்கொண்டு நின்றது. பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்து, காகிதத்துக்காகக் கையை நீட்டினார்.

நீட்டிய கையில் பி.வா.வை வைத்தேன்.

சொந்த ஊரில் ஏதோ கிணற்றுப் பங்கு வழக்காம், அதில் சம்மன் வரும் வரும் என்று பயந்துகொண்டிருக்கிறாராம். அது இல்லை என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தில் காளையைக்கூட ஒதுக்கிவிட்டு இதை மடியில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். அமுக்கினார். விளக்கெண்ணெய் வாசனை அடிக்கிறதே என்றார். நல்லெண்ணெய் என்று திருத்தினேன்.

"யாரு வச்சது?"

"சம்சாரங்க."

"எதுக்கு?"

"ஆணா பொண்ணான்னு தெரியலைங்க."

புரியவில்லை. நான்கு நாள் கணக்கையும் விளக்கினேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பவுண்டர் சிரித்தார். காளைக்காரரும் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. இந்த ஊரில் பத்துப் பேர் நடுவில் நின்று நான் சிரித்ததாக நினைவில்லை.

பிறகு அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை. இது தண்ணீர் ஆமையே இல்லையாம், முள்ளுக்காட்டில் மேய்கிற ஜாதி. ஆமை என்று ஒரே பேர் இருப்பதால் வந்த வினை. ஓயாத ஈரத்தில் ஓட்டில் சொத்தை விழுந்திருக்கிறது. எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து, அழுக்கையும் பிடித்து, சொத்தைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது. வா. தேறிவிடும். சின்னதுக்கு உறுதி சொல்ல முடியாது, ஓட்டுக்கு அடியில் எலும்பு வரை போயிருந்தால் கஷ்டம் என்றார்.

அவர் சொன்ன வைத்தியம்:

தொட்டி வேண்டாம். உலர்ந்த மணல், வைக்கோல்.

ஓட்டைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு டிஞ்சர். தண்ணீர் கலந்து. காலை, மாலை.

கழுத்து, கால் புண்ணுக்கு ஊதா மருந்து.

இளவெயில் தினமும். பக்கத்தில் நிழலும் இருக்க வேண்டும்.

எண்ணெய் கூடாது. எந்தக் கிழமையிலும் கூடாது.

ஆணா பெண்ணா என்பது வளர்ந்த பிறகுதான் தெரியுமாம். அதுவரை பொறுமை.

ஐப்பசி 21, வியாழன்

தெய்வானையிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லும் வேலை நேற்று ராத்திரி வரை தள்ளிப்போயிற்று. சொன்னதும் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. தொட்டித் தண்ணீர் என் யோசனை என்பதையும் சொன்னேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் முதல் வைத்தியம். பிரஷ் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்தது ஒரே பிரஷ், என்னுடையது. இனி எனக்கு வேப்பங்குச்சி. நான் பிடித்துக்கொள்ள, அவள் தேய்த்தாள். வா. காலை உதைத்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தது. பி.வா. ஒன்றும் செய்யவில்லை. அது உதைத்திருந்தால் தேவலை.

ஊதா மருந்து பி.வா.வின் கழுத்தில் கொஞ்சம், அவள் முந்தானையில் கொஞ்சம், என் இரண்டு கையிலும் மிச்சமெல்லாம். சோப்புக்குப் போகவில்லை. கோர்ட்டில் நான் நீட்டிய காகிதங்களில் எல்லாம் ஊதாக் கட்டைவிரல் ரேகை. முன்சீப் கண்ணாடியைக் கழற்றி, இது எந்தக் கட்சிக்காரருடையது என்று கேட்டார். பிரதிவாதியுடையது என்று வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, குமாஸ்தா தும்மினார்.

ஐப்பசி 23, சனி

மழை. வைத்தியம் தொடங்கி மூன்றாம் நாள், இன்னும் வெயில் இல்லை. ஓட்டைக் காயவைக்க அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் வைத்தோம். இன்று என் எண்ணெய் நாள். இந்த வீட்டில் இனி யாருக்கும் எண்ணெய் கிடையாது என்று உத்தரவு. தலை அரிக்கிறது.

தேய்க்கும்போது பி.வா. முதுகில் ஒரு கட்டம் செதிலாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. தெய்வானை பிரஷ்ஷைக் கீழே போட்டாள். டாக்டரிடம் ஓடினேன் (கோட்டு இல்லாமல்). மெத்துப்போனது கழன்று வந்தது நல்லதற்காகவும் இருக்கலாம், அடியில் கெட்டியாகிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். கோர்ட்டு வாசலில் இத்தனை வருஷம் நின்றவனுக்கு அது தெரியாதா.

வீட்டுக்கு வந்து, செத்துப்போனால் போகட்டும், வேறு பிடித்துக்கொள்ளலாம் என்று சமாதானமாகச் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக்கூடாது.

"இந்த வீட்டுக்குள்ள வந்து தங்குனது இதுக ரெண்டுந்தாங்க," என்றாள். "வேற யாரு வந்தா, சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டார் வெற்றிலைக்குக்கூட இங்கே வருவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. நான் பகலெல்லாம் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் பகலெல்லாம் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவில்லை.

பி.வா. பிழைக்க வேண்டும். பயமாக இருக்கிறது. ஓர் ஆமைக்காக இந்த வயதில் பயம்.

ஐப்பசி 24, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

ராமையா காலையிலேயே வந்து, கையைப் பிசைந்தார். ஆமைகளுக்கு இன்னும் ஒரு வாரம் தவணை தருகிறாராம். ஆனால் இன்று மட்டும் நானும் அதுகளும் கண்ணில் படாமல் இருக்க முடியுமா? சரி என்றேன். வா., பி.வா., நான், மூவரும் உள்அறையில். கதவு சாத்தியாயிற்று. வெளியே இருந்து யாராவது வந்து கேட்டால் 'ஆள் வீட்டில் இல்லை' என்பார்கள். அந்த வாசகத்துக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி என்று இன்று தெரிந்தது.

பத்து மணிக்கு வெயில் வந்தது. பத்து நாளைக்கு அப்புறம் வெயில்! தெய்வானை யாரையும் கேட்கவில்லை. பி.வா.வை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் சாக்கு விரித்து விட்டுவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன வெயில் பெரிசா, வீட்டுக்காரர் சொன்னது பெரிசா என்றாள்.

எடுத்துவரலாம் என்று நான் மெல்ல வெளியே போகிறேன், அங்கே மாப்பிள்ளையின் அப்பா. பலகாரம் சாப்பிட்ட கையைக் கழுவ வந்தவர், வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்கிட்டு வாங்க. ஊதாக் கத்திரிக்கா நகருது."

"கத்திரிக்காய் இல்லீங்க. ஆமை. ஒடம்பு சரியில்ல."

நீங்கள் யார் என்றார். குடியிருக்கிறவன் என்றேன். என்ன உத்தியோகம் என்றார். வேறு ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாத்தியார் என்றால் நம்பியிருப்பார். வரவில்லை. கோர்ட்டு அமீனா என்றேன்.

என்னைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். வசனம் அவர் பல் வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரியும். பின்னாலேயே ராமையா வந்து, கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க எம்புட்டு நாளா இருக்கீங்க?"

"மூணு வருசமுங்க."

"இது?"

"புரட்டாசியிலேர்ந்து. உள்ள இன்னொண்ணும் இருக்கு."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், ராமையாவைப் பார்த்தார்.

"அம்புட்டும் இருந்தும் வீடு நிக்குதுல்ல? அப்ப இது லேசுப்பட்ட வீடு இல்லய்யா. இந்த வீட்டுப் பொண்ணு எங்க வீட்டையும் நிமித்திப்புடும்," என்றார்.

தட்டு மாற்றத் தை மாதத்தில் நாள் பார்த்திருக்கிறார்கள். ராமையாவின் சம்சாரம் பின்கட்டு வாசல் வரை வந்து, "குங்குமம் எடுத்துக்க வாங்க, அக்கா," என்று தெய்வானையைக் கூப்பிட்டாள். தெய்வானை யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

பி.வா. இன்னும் சாப்பிடவில்லை. அவளும் பலகாரத்தை அப்படியே வைத்திருக்கிறாள்.

ஐப்பசி 26, செவ்வாய்

வெயில். செவ்வாய். கிண்ணம் கவிழ்ந்தே இருக்கிறது. டாக்டரே சைக்கிளில் வந்து பார்த்தார். டாக்டர் வீடு தேடி வந்ததைத் தெருவே பார்த்தது. கழன்ற இடத்தில் விரலால் அமுக்கினார், என்னையும் அமுக்கச் சொன்னார். அமுங்கவில்லை. நாற்றமும் இல்லை. இனி வாய் திறந்து தின்றால் சரி, தின்னாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். போகும்போது, ஒருவேளை தன் பேருக்குக் காகிதம் வந்தால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். மோர் குடித்துவிட்டுப் போனார்.

ராமையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அம்புட்டும் இருந்தும் நிற்கிற வீடு என்று. கல்யாணம் முடியும்வரை நானும் போகக்கூடாது, அதுகளும் போகக்கூடாதாம்.

ஐப்பசி 27, புதன்

கோர்ட்டில் கொடும்பாளூர்க்காரன். வாய்தாவுக்கு வந்திருந்தான். என்னைக் கண்டதும் ஓடவில்லை, கிட்டே வந்தான். "வீடு எப்புடிங்க இருக்கு?" என்று ஆசையாக விசாரித்தான். நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கார அம்மா? சௌக்கியம். திருட்டு கிருட்டு? இல்லை. முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. என் பல் பிரஷ் போயிற்று என்றேன். கொஞ்சம் தெளிந்தான்.

பி.வா. செம்பருத்தியை முகர்ந்து பார்த்ததாகத் தெய்வானை சொல்கிறாள். முகர்ந்ததா, மூச்சு விட்டதா தெரியவில்லை.

ஐப்பசி 29, வெள்ளி

நல்ல வெயில். மூக்குப்பொடி வாங்கினேன். குடை இன்னும் கட்டவில்லை. கீரனூர் ரோட்டில் ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். கால் வெளியே தெரிந்தது. கதவில் ஒட்டினேன்.

சாயங்காலம் வந்தபோது தெய்வானை இல்லை. முன்கட்டில் முறுக்குச் சுற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கிறது. கோட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். வா. வழக்கம்போல் தலையை இழுத்துக்கொண்டது.

பி.வா. மணலில் நின்றது. வாயில் செம்பருத்தி இதழ், பாதி உள்ளே, பாதி வெளியே. உட்கார்ந்தேன். கிட்டே போனேன். என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் மென்றது. பிறகு ஊதாக் கழுத்தை நீட்டியது, என் பக்கம்.

தெய்வானையைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டால்?

பிரதிவாதி வீட்டில் இருந்தார். நேரில் கண்டேன்.